ஸ்லிம் லேப்டாப்ல கேம் ஆடினா ஏன் இவ்ளோ சூடு? முதல்ல வாட்ட குறைங்க, அப்புறம் காத்தப் பாருங்க

கேம் ஆடிட்டு இருக்கும்போது டெம்பரேச்சர் 95 டிகிரி காட்டுது, லேப்டாப் போயிடுமா, அடில வைக்கிற ஃபேன் பலகை, அதான் கூலிங் பேட், உடனே ஒண்ணு வாங்கிடவா? ஸ்லிம் லேப்டாப்ல புதுசா கேம் ஆட ஆரம்பிக்கிறவங்க கேக்குற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். உடனே ஒண்ணும் போயிடாது, கூலிங் பேடும் இப்போதைக்கு வேணாம். ஏன் அப்படிச் சொல்றேன்னா, சூடு எங்க உருவாகுது, எந்த வழியா வெளிய போகுதுன்னு புரிஞ்சிட்டாலே பாதி வேலைய காசு செலவு இல்லாம செட்டிங்ஸ்லயே முடிச்சிடலாம், மீதிப் பாதிக்கு எதுக்கு காசு போடணும், எதுக்கு போடக்கூடாதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

அடிப்படை ரொம்ப சிம்பிள். சிப்புக்குள்ள போற கரண்ட் எல்லாமே கடைசில சூடாத்தான் வெளிய வரும். லேப்டாப்போட மெயின் சிப்பான சிபியு 45 வாட் இழுத்தா 45 வாட் சூடு, கேம் படத்த வரையற சிப்பான ஜிபியு 80 வாட் இழுத்தா 80 வாட் சூடு, மொத்தம் 125 வாட். டெஸ்க்டாப்ல இந்த அளவு ஒரு விஷயமே இல்ல, பெரிய கூலர், பெரிய ஃபேன், உள்ள ஏகப்பட்ட எடம். லேப்டாப்ல இதே 125 வாட் ரெண்டு சென்டிமீட்டர் தடிமன் கூட இல்லாத ஒரு பெட்டிக்குள்ள இருந்து, விரல் அகலம் கூட இல்லாத ரெண்டு மூணு சந்து வழியா வெளிய போகணும்.

இத ஒரு தண்ணித் தொட்டியா நினைச்சிக்கோங்க. மேல குழாய்ல இருந்து விழுற தண்ணிதான் வாட், அடில இருக்குற ஓட்டை வழியா போறது ஃபேன் வெளிய தள்ளுற சூடு, தொட்டில நிக்கிற மட்டம்தான் நீங்க ஸ்க்ரீன்ல பாக்குற டெம்பரேச்சர். மட்டம் ஏற ஏற ஓட்டை வழியா போற வேகமும் கூடும், அதனால ஏதோ ஒரு எடத்துல உள்ள வர்றதும் வெளிய போறதும் சமமாகி மட்டம் நின்னுடும். நம்ம ஆளுங்க எல்லாரும் ஓட்டைய பெருசாக்குறதுலயே குறியா இருக்காங்க, கூலிங் பேட், பேஸ்ட், எக்ஸ்ட்ரா ஃபேன்னு. குழாய கொஞ்சம் திருகி மூடினா என்னன்னு யோசிக்கிறவங்க ரொம்ப கம்மி. ஸ்லிம் லேப்டாப்ல ஓட்டைய ஓரளவுக்கு மேல பெருசாக்கவே முடியாது, அதனாலதான் நான் குழாய்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்றேன்.

சரி, உள்ள அந்த சூடு எப்படிப் பயணம் பண்ணுது? சிப் மேல ஒரு சின்ன செம்புத் தகடு, நடுவுல சூட்ட கடத்துற தெர்மல் பேஸ்ட், தகட்டுல இருந்து கிளம்புற தட்டையான செம்புக் குழாய்ங்க, அதான் ஹீட் பைப். பாக்க திடமான செம்புக் கம்பி மாதிரி இருக்கும், ஆனா உள்ள காலி. காத்த எல்லாம் உறிஞ்சிட்டு ரொம்பக் கொஞ்சமா தண்ணிய விட்டு சீல் பண்ணியிருப்பாங்க. உள்ள அழுத்தம் கம்மிங்கறதால அந்தத் தண்ணி 100 டிகிரிக்கு ரொம்ப முன்னாடியே ஆவியாகும், ஆவி சூட்ட தூக்கிட்டு மறு முனைக்கு ஓடும், அங்க ஃபேன் காத்து படுற தகடுங்க கிட்ட குளிர்ந்து மறுபடி தண்ணியாகி, குழாயோட உள்சுவர்ல இருக்குற திரி மாதிரியான பரப்பு வழியா திரும்ப சிப் பக்கமே வந்துடும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது, நீங்க ஆடுற நேரம் பூரா இந்தச் சுத்து நடந்துட்டே இருக்கும். 1963ல அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துல ஜார்ஜ் க்ரோவர்ங்கறவர் செஞ்சு காட்டின ஐடியா இது, விண்வெளிக் கலங்கள்ல எல்லாம் இதான் சூட்ட கடத்துது. எனக்கு லேப்டாப்புக்குள்ள ரொம்பப் பிடிச்ச பார்ட்டே இதுதான்.

ஆனா இதே குழாய லேப்டாப் ஒல்லியா இருக்கணும்னு தட்டையா நசுக்க நசுக்க அது கடத்துற அளவு குறையும். ஃபேனும் அப்படித்தான், இறக்கை மெல்லிசானா அதே காத்தத் தள்ள ரொம்ப வேகமா சுத்தியாகணும், அந்த விசில் சத்தம் அங்கிருந்துதான் வருது. இன்னொரு விஷயம், நிறைய மாடல்ல சிபியுக்கும் ஜிபியுக்கும் ஒரே ஹீட் பைப்தான் பொதுவா ஓடும். சிபியு தேவையில்லாம கொதிச்சா ஜிபியுவும் சேர்ந்து சூடாகும். இத ஞாபகம் வச்சிக்கோங்க, கீழ உதவும்.

இப்ப அந்த 95 டிகிரி பயத்துக்கு வருவோம். இன்டெலோட கேமிங் லேப்டாப் சிப்புகள்ல பெரும்பாலும் எல்லை 100 டிகிரி, ஏஎம்டி ரைசன் 7 5800எச் மாதிரி சிப்புக்கு 105 டிகிரி. என்விடியா லேப்டாப் ஜிபியுங்க பெரும்பாலும் 87 டிகிரி பக்கத்துலயே தன்ன அடக்கிக்கும். எல்லையத் தொட்டதும் சிப் தானாவே வேகத்தக் குறைச்சிடும், அதுக்குப் பேர்தான் தெர்மல் த்ராட்லிங். அதையும் மீறி ஏறினா சிஸ்டம் ஆஃப் ஆகிடும். அதனால சிப்பு எரிஞ்சு போயிடும்னு பயப்படத் தேவையில்ல, அது தன்னப் பாத்துக்கும். பிரச்சன உங்க கேம்லதான் தெரியும். சூடு எல்லையத் தொடும், வேகம் தடால்னு இறங்கும், கொஞ்சம் ஆறும், மறுபடி வேகம் ஏறும், மறுபடி தொடும், இறங்கும். கிராஃப் போட்டுப் பாத்தா ரம்பப்பல் மாதிரி இருக்கும். 90 எஃப்பிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 90 ஃப்ரேம் (படம்) வரையற வேகத்துல, போயிட்டு இருந்தது திடீர்னு 50, மறுபடி 90ன்னா கண்ணுக்கு அது ரொம்பத் தொல்லை, அதுக்கு எப்பவும் 70லயே ஒரே சீரா ஓடினா எவ்ளோ மேல்.

இதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு உதாரணம் இருக்கு. 2018 ஜூலைல ஆப்பிள் 15 இன்ச் மேக்புக் ப்ரோவ ஐ9 சிப்போட விட்டாங்க, சிப்போட அடிப்படை வேகமே 2.9 கிகாஹெர்ட்ஸ், ஆனா வீடியோ எக்ஸ்போர்ட் மாதிரி கனமான வேலை குடுத்தா அதுக்கும் கீழ இறங்குதுன்னு ஆட்கள் காட்டினாங்க, அதே மாசமே ஆப்பிள் ஒரு அப்டேட் விட்டு, ஃபர்ம்வேர்ல ஒரு டிஜிட்டல் கீ விட்டுப்போனதுதான் காரணம்னு சொல்லி சரி பண்ணினாங்க. பெட்டியும் மாறல, ஃபேனும் மாறல, சிப் சூட்ட எப்படி சமாளிக்கணும்ங்கற சாஃப்ட்வேர் மட்டும்தான் மாறிச்சு. செட்டிங்ஸ்ல என்ன இருக்கப் போகுதுன்னு கேக்குறவங்களுக்கு நான் எப்பவும் சொல்ற பதில் இதுதான்.

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. எச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச டூல் இருக்கு, அதுல சென்சார்ஸ் மட்டும் திறந்து வச்சிட்டு நீங்க வழக்கமா ஆடுற கேம அரை மணி நேரம் ஆடுங்க. அஞ்சு நிமிஷம் பத்தாது, ஏன்னா பெட்டி முழுசும் சூடாகி மட்டம் நிக்கவே பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், ஆரம்பத்துல எல்லா லேப்டாப்பும் நல்லாத்தான் ஓடும். அப்புறம் நாலு விஷயம் பாருங்க: சிபியு டெம்பரேச்சர், சிபியு எத்தன வாட் இழுக்குது, ஜிபியு எத்தன வாட், தெர்மல் த்ராட்லிங்னு இருக்குற வரில யெஸ்ஸா நோவா. அந்த வரில நோ, எஃப்பிஎஸ்ஸும் சீரா இருக்கு, சிபியு 88 டிகிரின்னா உங்களுக்கு பிரச்சனையே இல்ல, போய் நிம்மதியா ஆடுங்க. நிறைய பேர் நம்பரப் பாத்துப் பயந்துதான் காசு செலவு பண்றாங்க.

யெஸ்னு வந்தா, முதல் வேலை எஃப்பிஎஸ்க்கு ஒரு கேப், அதாவது இதுக்கு மேல போகாதன்னு ஒரு உச்ச வரம்பு, போடுறது. எனக்குத் தெரிஞ்சு இத விட சுலபமா இவ்ளோ பலன் தர்றது வேற எதுவும் இல்ல. உங்க ஸ்க்ரீன் 144 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 144 தடவ படம் மாத்தும்னு வச்சிக்கோங்க, கேம் 220 எஃப்பிஎஸ் ஓடுது. அந்த மிச்ச ஃப்ரேம் எதையும் உங்க ஸ்க்ரீன் முழுசா காட்டப்போறதே இல்ல, ஆனா அத வரையறதுக்கும் ஜிபியு கரண்ட் இழுத்துட்டுத்தான் இருக்கு. லாபில, மெனுல சும்மா உக்காந்திருக்கும்போது ஃபேன் அலறுதுன்னா காரணம் இதுவாத்தான் இருக்கும், அங்க வரைய வேலை கம்மிங்கறதால ஃப்ரேம் எக்கச்சக்கமா ஓடும். என்விடியா கன்ட்ரோல் பேனல்ல மேனேஜ் 3டி செட்டிங்ஸ் போனா மேக்ஸ் ஃப்ரேம் ரேட்னு இருக்கும், போட்டி கேம்னா 140 பக்கம் வைங்க, கதை கேம்னா 60 தாராளமா போதும். கேம் செட்டிங்ஸ்லயே லிமிட் இருந்தா அது இன்னும் நல்லது. ஃப்ரேம் குறைஞ்சா சிபியு வேலையும் குறையும், பொதுவான ஹீட் பைப்னு சொன்னேன்ல, ரெண்டு பக்கமும் சேர்ந்து ஆறும்.

அடுத்தது டர்போ, அதாவது சிப் தன்னோட அடிப்படை வேகத்துக்கு மேல தானா ஏறிப் போறது. எடுத்துக்காட்டா இன்டெல் ஐ7-9750எச், இன்னமும் நிறைய பேர் கைல இருக்குற சிப். அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போல 4.5 வரைக்கும் போகும். அந்தக் கடைசிக் கொஞ்ச வேகத்துக்கு சிப் குடுக்குற விலை ரொம்ப அதிகம், ஏன்னா வேகம் கூடணும்னா வோல்டேஜும் கூடணும், வாட்டோ வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்தபடி ஏறும். வோல்டேஜ் 10 சதவீதம் கூடினா, வேகம் அப்படியே இருந்தாலும் வாட் 21 சதவீதம் கூடும், மேல வேகமும் கூடினா அதுவும் சேர்ந்து பெருக்கும். இதையே திருப்பிப் பாருங்க, வோல்டேஜ 10 சதவீதம் குறைச்சா வாட் 19 சதவீதம் கம்மி. கடைசி அரை கிகாஹெர்ட்ஸ விட்டுக்குடுத்தா எஃப்பிஎஸ்ல லேசாத்தான் தெரியும், சூட்டுல நல்லாவே தெரியும்.

டர்போவ அடக்க ரொம்பப் பழைய வழி ஒண்ணு இருக்கு. விண்டோஸ்ல அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ் போயி, ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட்ல மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்ட 100ல இருந்து 99 ஆக்கினா டர்போ பெரும்பாலும் மொத்தமா நின்னுடும். சூடு மளமளன்னு இறங்கும். ஆனா இது கோடாலி வெட்டு, சிபியுவ நம்பி ஓடுற கேம்ல எஃப்பிஎஸ் நல்லாவே அடிவாங்கும், சில புது லேப்டாப்ல இந்த ஆப்ஷனே மறைஞ்சிருக்கும். இத விட நல்ல வழி சிபியுவோட வாட் லிமிட்ட குறைக்கிறது. இன்டெல்னா த்ராட்டில்ஸ்டாப்ங்கற டூல்ல பண்ணலாம், ஆசுஸ் கேமிங் லேப்டாப்னா ஜி-ஹெல்பர்னு ஒரு இலவச டூல் இருக்கு, மத்த கம்பெனிங்களும் தங்களோட ஆப்ல சைலன்ட், பேலன்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ்னு மோட் குடுத்திருப்பாங்க, லெனோவோ லீஜன்ல எஃப்என் கூட க்யூ தட்டினாலே மாறும். கேம் ஆடும்போது சிபியு 35 வாட்ல நின்னாலே நிறைய கேமுக்குப் போதும். பேலன்ஸ்டு மோட்ல ஒரு தடவ ஆடிப் பாருங்களேன், பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கும் அதுக்கும் எஃப்பிஎஸ்ல இருக்குற வித்தியாசத்த விட சத்தத்துலயும் சூட்டுலயும் இருக்குற வித்தியாசம்தான் உங்களுக்கு அதிகமா தெரியும்.

அண்டர்வோல்ட் பத்தியும் சொல்லிடறேன். வேகத்த அப்படியே வச்சிட்டு வோல்டேஜ மட்டும் குறைக்கிறது. கம்பெனிக்காரங்க எல்லா சிப்பும் பத்திரமா ஓடணும்னு கொஞ்சம் தாராளமாவே வோல்டேஜ் வச்சி அனுப்புவாங்க, அந்த மிச்சத்த நாம எடுத்துக்கிறோம், அவ்ளோதான். இன்டெல் சிபியுல இது ஒரு காலத்துல ரொம்ப சுலபமா இருந்துச்சு, 2019 டிசம்பர்ல ப்ளண்டர்வோல்ட்னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்ததும் நிறைய கம்பெனி பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட்ல அந்த வசதியவே பூட்டிட்டாங்க. ஜிபியுல இன்னமும் பண்ணலாம், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கற டூல்ல கண்ட்ரோல் எஃப் அடிச்சா வோல்டேஜுக்கு எவ்ளோ வேகம்னு ஒரு கோடு வரும், அதுல ஒரு வோல்டேஜுக்கு மேல கோட்ட தட்டையா ஆக்கிடணும். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேர் இதுல ஏமாந்து போறாங்க: உங்க ஜிபியு ஏற்கனவே வாட் லிமிட்ல முட்டிட்டு நிக்குதுன்னா, அண்டர்வோல்ட் மட்டும் பண்ணினா அது மிச்சமான வாட்ட வச்சி இன்னும் வேகமாத்தான் ஓடும், எஃப்பிஎஸ் கூடும், சூடு அப்படியே இருக்கும். சூடு குறையணும்னா அண்டர்வோல்ட் கூடவே எஃப்பிஎஸ் கேப்பும் இருக்கணும். அளவு மீறி குறைச்சா கேம் கிராஷ் ஆகும், கொஞ்சம் ஏத்தி வச்சா சரியாகிடும், சிப்புக்கு ஒண்ணும் ஆகாது.

இவ்ளோவும் பண்ணினதுக்கு அப்புறம்தான் காத்துப் பக்கம் வரணும். பெரும்பாலான ஸ்லிம் லேப்டாப் அடிப்பக்கமா காத்த உறிஞ்சி, ஸ்க்ரீன் கீல் பக்கமோ ஓரத்துலயோ வெளிய விடும். அடில இருக்குற ரப்பர் கால் சில மில்லிமீட்டர் உயரம்தான், அந்தச் சந்து வழியாத்தான் மொத்தக் காத்தும் உள்ள போகணும். மெத்தைல, போர்வை மேல, மடில வச்சா அதுவும் அடைச்சிடும். பின்பக்கம் ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூக்கி வைங்க, ரெண்டு பாட்டில் மூடி போதும், காத்து ஓட்டைய மறைக்காம வச்சா தடிப் புத்தகம் கூட ஓகே. கூலிங் பேட்னு விக்கிறதுல, சின்னச் சின்ன ஃபேன் நாலு வச்சு எல்இடி எரியுற வகைல பெரிய பலன் கிடையாது, அதுல கிடைக்கிற கொஞ்சம் நன்மையும் பெரும்பாலும் லேப்டாப்ப தூக்கி வச்சதால வர்றதுதான். சுத்தி ஃபோம் வச்சு அடிப்பக்கத்த மூடி, ஒரு பெரிய ஃபேன் அழுத்தமா காத்த உள்ள தள்ளுற வகை நிஜமாவே வேலை செய்யும், ஆனா சத்தம் காதப் பொளக்கும், ஹெட்செட் இல்லாம உக்கார முடியாது.

வெளிய மானிட்டர் வச்சு ஆடுறவங்க லேப்டாப் மூடிய மூடி வச்சிட்டு ஆடாதீங்க, கீல் பக்கமா சூடு வெளிய வர்ற மாடல்ல ஸ்க்ரீனே அந்த வழிய மறைச்சிடும். சுவர ஒட்டியும் வைக்காதீங்க, வெளிய வந்த சூடான காத்தையே மறுபடி உறிஞ்சிட்டு இருக்கும்.

ரூம் சூடு பத்தி யாரும் பேசறதில்ல, ஆனா நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். ஃபேன் உள்ள இழுக்குறது ரூம் காத்த, அத விடக் குளிர்ச்சியா எந்த லேப்டாப்பும் ஆக முடியாது. ரூம் ஒரு டிகிரி ஏறினா சிப்பும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். வெளிநாட்டு யூட்யூப் ரிவ்யூல 21, 22 டிகிரி ரூம்ல வச்சு 80 டிகிரிதான் வந்துச்சுன்னு காட்டுவாங்க, அதே லேப்டாப் அக்னி நட்சத்திரத்துல சென்னைல மாடி வீட்டு ரூம்ல 36 டிகிரில ஓடினா சும்மாவே 94 வந்துடும், லேப்டாப் மேல தப்பே இல்ல. அதனால மே மாசம் மட்டும் கேப்ப இன்னும் கொஞ்சம் கீழ இறக்கி வைங்க. சீலிங் ஃபேன் ரூம் காத்தோட டெம்பரேச்சரக் குறைக்காது, ஆனா லேப்டாப்ப சுத்தித் தேங்குற சூட்டக் கலைச்சி விடும், டேபிள் ஃபேன பக்கவாட்டுல வச்சா இன்னும் நல்லது.

ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆன லேப்டாப்னா, முன்னாடி நல்லா இருந்து இப்பதான் கொதிக்குதுன்னா, முதல் சந்தேகம் தூசி மேலதான். அடிமூடியக் கழட்டிப் பாத்தா ஃபேன் இறக்கைல லேசாத்தான் தூசி இருக்கும், அதப் பாத்துட்டு சுத்தமாத்தான் இருக்குன்னு மூடிடுவாங்க. நிஜமான அடைப்பு ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவுல இருக்கும். முடி, பஞ்சு, தூசி எல்லாம் சேர்ந்து சாம்பல் கலர்ல ஒரு துணித்துண்டு மாதிரி படிஞ்சி நிக்கும், ட்வீசர்ல புடிச்சி இழுத்தா ஒரே பட்டையா உரிஞ்சி வரும். ஃபேன் முழு வேகத்துல சுத்தும், சத்தம் வரும், ஆனா வெளிய கைய வச்சா காத்தே வராது, இதுதான் அடையாளம். ஏர் ப்ளோவர் வச்சு ஊதும்போது ஃபேன் இறக்கைய விரலால புடிச்சிக்கோங்க, விட்டா தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும். லேப்டாப்ப ஆஃப் பண்ணி, பேட்டரி கனெக்டரக் கழட்டிட்டுப் பண்ணுங்க. பழக்கமில்லன்னாலோ வாரன்டி இருந்தாலோ சர்வீஸ்ல குடுத்துடறது நல்லது.

பேஸ்ட் மாத்துறது கடைசி. ஒவ்வொரு தடவையும் சூடாகி ஆறும்போது பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமா சிப் நடுவுல இருந்து ஓரத்துக்குப் பிதுங்கிடும், லேப்டாப்ல இது சீக்கிரமாவே நடக்கும். அதனாலதான் இப்ப ஹனிவெல் பிடிஎம்7950 மாதிரி ஷீட்டுங்களுக்கு நல்ல பேரு, 45 டிகிரி பக்கம் இளகி சிப் மேல நல்லா படிஞ்சிக்கும், பிதுங்குறதும் கம்மி. பேஸ்ட்டுக்குப் பதிலா போடுற திரவ உலோகம், அதான் லிக்விட் மெட்டல், அந்தப் பக்கம் புதுசா வர்றவங்க போகவே போகாதீங்க. அதுல இருக்குற கேலியம் அலுமினியத்த அரிச்சிடும், ஒரு சொட்டு போர்டு மேல சிந்தினா ஷார்ட் ஆகும். ஆசுஸ் ஆர்ஓஜி வரிசைல 2020ல இருந்து நிறைய மாடல் கம்பெனிலயே லிக்விட் மெட்டல் போட்டு வருது, உங்களுது அதுல ஒண்ணுன்னா ஹீட்சிங்க, அதாவது அந்த செம்புத் தகடு, ஹீட் பைப் தொகுப்ப, தொடாதீங்க, தூசி மட்டும் தட்டுங்க.

சிப் தன்னப் பாத்துக்கும்னு சொன்னேன், ஆனா பேட்டரிக்கு அந்த வசதி இல்ல. லித்தியம் அயன் பேட்டரிக்கு ஆகாத ரெண்டு விஷயம் சூடும், எப்பவும் ஃபுல் சார்ஜ்ல நிக்கிறதும், சார்ஜர் போட்டுட்டே கேம் ஆடும்போது ரெண்டும் ஒண்ணா நடக்குது. உங்க லேப்டாப் ஆப்ல சார்ஜ் லிமிட் இருந்தா 80 சதவீதத்துல வச்சிடுங்க. டச்பேட் மேல தூக்கிட்டு வந்தா, கிளிக் ஆகலன்னா, அடிமூடி புடைச்சா, பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம். அப்ப சார்ஜரப் புடுங்கிட்டு நேரா சர்வீஸ் சென்டர் போங்க, இதுல மட்டும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடவே விடாதீங்க.

இன்னும் வாங்கலன்னா, வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாருங்க. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப்னு ஒரே பேர் போட்டிருக்கும், ஆனா என்விடியா அந்த ஜிபியுவ 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் வைக்க கம்பெனிங்கள விட்டிருக்காங்க. ஒல்லியான பெட்டில அத 60, 70 வாட்ல அடக்கி வச்சிருப்பாங்க, தடியான பெட்டில 115ம் ஓடும், ரெண்டுக்கும் ஸ்டிக்கர் ஒண்ணுதான். ஸ்பெக் ஷீட்ல டிஜிபின்னு ஒரு வரி இருக்கும், ஜிபியு எத்தன வாட் வரைக்கும் இழுக்கலாம்ங்கற நம்பர் அது, கடைக்காரர் கிட்ட அந்த நம்பரக் கேளுங்க, அவருக்குத் தெரியலன்னா கம்பெனி சைட்ல அந்த மாடல் நம்பரப் போட்டுத் தேடுங்க. எங்கயுமே போடலன்னா அந்த மாடலுக்கு யாராவது அரை மணி நேரம் கேம் ஓட்டி வாட் காட்டின ரிவ்யூ வர்ற வரைக்கும் காசு குடுக்காதீங்க.